தொடக்கக் கோட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள்: மலேசியத் தமிழரும் ஒலிம்பிக் விளையாட்டும்

1992 பார்சிலோனா முதல் 2024 பாரிஸ் வரை மலேசியா ஒலிம்பிக்கில் 15 பதக்கங்களைப் பெற்றுள்ளது. எட்டு வெள்ளி, ஏழு வெண்கலம். தங்கம் இன்னும் வரவில்லை. இவற்றுள் 11 பூப்பந்தில் (பேட்மிண்டன்) வந்தவை. முக்குளிப்பிலும் (டைவிங்) சைக்கிளோட்டத்திலும் இரண்டிரண்டு கிடைத்தன. இந்தப் பதக்கங்களை வென்றவர்களின் பட்டியலில் தமிழர் பெயர் ஒன்றுகூட இல்லை. கோலாலம்பூரில் தமிழர் கூடும் இடங்களில் விளையாட்டுப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் குறை பேசப்படுவதும், பேச்சு விரைவிலேயே தேர்வுக்குழுக்களின் பாரபட்சத்தில் போய் முடிவதும் வழக்கம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் பதக்க மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, ஒலிம்பிக் விளையாட்டு இந்த நாட்டுத் தமிழ்ச் சமூகத்தில் உண்மையில் எதை மாற்றியது, எப்போது மாற்றியது, எந்தக் கட்டத்தில் அந்த மாற்றம் நின்றுபோனது என்பவை கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

ஒரு வளரும் நாட்டில் ஒலிம்பிக் விளையாட்டு சமூக மாற்றத்தை உண்டாக்குகிறது என்று சொல்லும்போது, சர்வதேச அரங்கில் கொடி ஏறுவதும் இன ஒற்றுமை வளர்வதும் முதலில் நினைவுக்கு வருகின்றன. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை மாற்றம் அவற்றைவிடக் கீழான ஒரு தளத்தில், பள்ளித் திடலிலும் அரசாங்கத் துறைகளின் விளையாட்டு மன்றங்களிலும் நிகழ்ந்தது. ஓடத் தெரிந்தவனுக்கும் ஹாக்கி மட்டையைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கும் நிலையான சம்பளம், குடியிருப்பு, மற்ற இனத்தாரோடு சமமாகப் பழகும் வாய்ப்பு ஆகியவை அங்கிருந்துதான் வந்தன. ஒலிம்பிக் அந்த வழிக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. பின்னர் அதே ஒலிம்பிக்கின் விதிமாற்றங்களும், பதக்கத்தை மட்டுமே குறிவைத்த அரசுத் திட்டங்களும் அந்த வழியைக் குறுக்கின என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

துறைகளும் திடல்களும்

மலாயா முதன்முதலில் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 1956 மெல்போர்னில். நாடு சுதந்திரம் அடைந்தது 1957 ஆகஸ்ட் 31 அன்று. நாடு என்ற தகுதியைப் பெறுவதற்கு முன்னரே நாடுகளின் அணிவகுப்பில் நடந்துவிட்டது என்பதிலிருந்தே, புதிதாகப் பிறக்கவிருந்த அரசுக்கு இந்த மேடை எவ்வளவு தேவைப்பட்டது என்பது புரியும். பல இனத்தார் வாழும் நாட்டில் ஒரே சட்டை அணிந்து ஓடும் பத்துப் பதினைந்து பேரின் படம் நாளிதழின் முதல் பக்கத்தில் வருவதற்கு, நூறு மேடைப் பேச்சுகளுக்கு இல்லாத பயன் இருந்தது.

1960களில் அந்தப் படங்களில் தமிழர் முகங்கள் அடிக்கடி தென்பட்டன. எம். ஜெகதீசன் 1960 ரோம், 1964 டோக்கியோ, 1968 மெக்சிக்கோ என மூன்று ஒலிம்பிக்குகளில் ஓடினார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மெக்சிக்கோவில் 200 மீட்டரில் அரையிறுதி வரை சென்று அவர் பதித்த 20.92 விநாடி என்ற தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். பின்னாளில் சுகாதாரத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். அதே பாங்காக்கில் 400 மீட்டர் தங்கத்தை வென்ற எம். ராஜாமணி, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்றவர். 1966ஆம் ஆண்டுக்கான தேசியச் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, இரண்டையும் பெற்றவர்கள் இந்த இருவரே.

இந்த இடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜெகதீசன் இலங்கைத் தமிழ்ப் பின்னணியைச் சேர்ந்தவர். அந்தச் சமூகம் பிரிட்டிஷ் காலத்திலேயே ஆங்கிலப் பள்ளிகளிலும் ரயில்வே, கருவூலம், பொதுப்பணி அலுவலகங்களிலும் காலூன்றிவிட்டது. ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு ஓட்டப்பாதையும் பயிற்றுநரும் பள்ளிகளுக்கிடையிலான போட்டியும் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வந்தன. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைக்கு அவை அப்படி வரவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிந்ததும் பால்மரத்துக்குப் போவதே பெரும்பாலானோரின் நிலையாக இருந்த காலம் அது. ஆகவே 1960களின் வெற்றிகளை ‘தமிழர் முன்னேற்றம்’ என ஒரே மூச்சில் சொல்லிவிடுவது, ஏற்கெனவே ஓரளவு ஏறியிருந்தவர்களின் ஏற்றத்தை எல்லாருடைய ஏற்றமாகக் கணக்கெழுதுவதாகும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தவை ஹாக்கியும் காற்பந்தும்தான். புல்தரை இருந்தால் போதும். மட்டையை ஒருவர் மாற்றி ஒருவர் பிடிக்கலாம். கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையைச் சுற்றியும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் வளர்ந்த பையன்களுக்கு மாலை நேரத்துத் திடல் என்பது வீட்டின் நீட்சியாகவே இருந்தது. தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் போன்ற அமைப்புகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே கோலாலம்பூரில் திடல் வைத்து அணிகளை நடத்திவந்தன. அவற்றுக்கும் மேலாக ரயில்வே, மின்சார வாரியம், தொலைத்தொடர்பு, பொதுப்பணித் துறை, போலீஸ், இராணுவம் ஆகியவை தத்தம் அணிகளை லீக் போட்டிகளில் இறக்கின. நல்ல ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவனைத் துறையே தேடிவந்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக்காக வேலையிலிருந்து விடுவிப்பதும், வெளியூர்ப் போட்டிக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பதும் நடைமுறையாக இருந்தன. கல்விச் சான்றிதழ் குறைவாக இருந்த ஒரு தலைமுறைக்கு ஹாக்கி மட்டையே சான்றிதழாக இருந்தது என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இந்த அமைப்பின் உச்சம் 1975 மார்ச் மாதத்தில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மகேந்திரன், பாலசிங்கம் முதலியோரோடு மலாய்க்காரரும் சீனரும் சீக்கியரும் யுரேசியரும் சேர்ந்த அணி, நெதர்லாந்தை வென்று அரையிறுதிக்கு முன்னேறியது. மழையில் ஊறிய மெர்டேக்கா அரங்கத் தரையை உலர்த்த ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டது. இந்தியாவுடனான அந்த ஆட்டத்தில் மலேசியா முன்னிலையில் இருந்தும், ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்யப்பட்டு, கூடுதல் நேரத்தில் 2–3 எனத் தோற்றது. நான்காம் இடம், அதைவிட உயர்ந்த இடத்தை மலேசிய ஹாக்கி இதுவரை உலகக் கிண்ணத்தில் எட்டியதில்லை. 1969 மே 13 இனக்கலவரம் நடந்து ஆறு ஆண்டுகள்கூட நிறைவடையாத தலைநகரில், எல்லா இனத்தாரும் ஒரே பக்கம் நின்று குரல் கொடுத்த மாலை அது. இந்திய வம்சாவளியினர் யார் பக்கம் நிற்பார்கள் என்று ஐயப்பட்டவர்களுக்கு, சொந்த அணியின் தலைவரே ஒரு தமிழர் என்பது போதிய விடையாக இருந்திருக்கும்.

காற்பந்திலும் இதே கதைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று அமெரிக்காவை 3–0 என வென்ற அணியில் எம். சந்திரன் இருந்தார். 1980இல் மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் ‘ஸ்பைடர்மேன்’ என்ற பட்டப்பெயரை மூன்று இனத்துப் பிள்ளைகளும் தெருவில் ஆடும்போது தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அரசின் முடிவுக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் தகுதிச் சுற்றில் தென்கொரியாவை மெர்டேக்கா அரங்கத்தில் வீழ்த்திய அந்த அணிக்கு அடுத்த வாய்ப்பு வரவில்லை. மலேசியக் காற்பந்து அதன்பின் ஒலிம்பிக்கை எட்டவே இல்லை.

புல்லின் மேல் விரிப்பு

1976 மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. மலேசிய விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு தொழில்நுட்பச் செய்தியாகக் கடந்துபோகிறார்கள். எனது மதிப்பீட்டில், மலேசியத் தமிழரின் விளையாட்டு வாழ்வை மாற்றிய முடிவுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. அந்த முடிவை எடுத்தவர்கள் யாரும் செந்தூலையோ சிலாங்கூர்த் தோட்டங்களையோ மனத்தில் வைத்திருக்கவில்லை என்பதும் சொல்லாமலே விளங்கும்.

செயற்கைத் தரை அமைக்கப் பெருந்தொகை வேண்டும். நீர் பாய்ச்சும் அமைப்பு வேண்டும். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் இந்த மண்ணில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிப்பையே மாற்ற வேண்டும். ஒரு தோட்ட நிர்வாகமோ ஒரு தமிழர் சங்கமோ ஒரு சாதாரண இடைநிலைப்பள்ளியோ இந்தச் செலவை நினைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில் மட்டுமே அத்தகைய தரை அமைந்தது. புல்தரையில் பந்தை அடக்கி, மணிக்கட்டைத் திருப்பி ஆடிய ஆட்டம் வேகத்துக்கும் உடல் வலுவுக்கும் இடம்கொடுத்தது. புல்லில் மட்டுமே ஆடிப் பழகிய பையன் மாநிலத் தேர்வுக்கு வரும்போது அங்குதான் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் கால்வைப்பான். அந்தத் தேர்வில் அவன் எப்படி ஆடியிருப்பான் என்று விளக்கத் தேவையில்லை. இதே மாற்றத்தால் இந்திய, பாகிஸ்தானிய ஹாக்கியும் தடுமாறின என்பது எல்லாரும் அறிந்ததே. அந்நாடுகளுக்கு மக்கள்தொகை என்ற பெருங்கிடங்கு இருந்தது. மலேசியத் தமிழருக்கு இருந்ததோ சில நூறு திடல்கள் மட்டுமே. மலேசிய ஹாக்கி ஆடவர் அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 2000 சிட்னியில்.

தரை மாறிய அதே கால்நூற்றாண்டில் துறைகளும் மாறின. தொலைத்தொடர்புத் துறை 1987இல் நிறுவனமாக்கப்பட்டது. மின்சார வாரியம் 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. ரயில்வே 1992இல் அதே வழியில் சென்றது. இலாபக் கணக்குக் காட்ட வேண்டிய ஒரு நிறுவனம், மாலை நான்கு மணிக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஊழியரைப் பழைய துறை பார்த்த கண்ணால் பார்க்காது. ஆட்டத்திறன் காட்டி வேலை பெறும் வழி மெல்ல மெல்ல அடைபட்டது. போலீசும் இராணுவமும் அணிகளைத் தொடர்ந்து நடத்தின. ஆனால் அங்கு சேரும் தமிழ் இளைஞர் குறைந்துகொண்டே வந்தனர். அதற்கான காரணங்கள் தனி ஆய்வுக்கு உரியவை.

மூன்றாவதாக, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ஒவ்வொரு தோட்டத்துக்கும் கோயில், தமிழ்ப்பள்ளி, பால்கொட்டகை இருந்ததுபோல் ஒரு திடலும் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் நகர்ப்புறத்து அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றபோது கோயிலுக்கு ஏதோவொரு மாற்று இடம் கேட்டுப் போராடினார்கள்; பள்ளிக்கும் போராடினார்கள். திடலுக்காகப் போராடியவர் அரிது. வாகன நிறுத்துமிடத்தில் செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஆடிய பிள்ளைகள், மேல்மாடிக்காரர்களின் ஏச்சுக்கு ஆளானதுதான் மிச்சம்.

புக்கிட் ஜாலில்

இந்த மூன்று மாற்றங்களும் ஒரே இடத்தில் சந்தித்தது புக்கிட் ஜாலிலில். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் தேசிய விளையாட்டரங்கமும், ஆசியாவின் மிகப் பெரிய அரங்கங்களுள் ஒன்று என்ற பெருமையும், இசை நிகழ்ச்சிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. முன்பு அது புக்கிட் ஜாலில் தோட்டம். தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பால்வெட்டிய இடம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியில்தான் தேசிய விளையாட்டு வளாகம் எழுந்தது. நாட்டின் ஒலிம்பிக் பயிற்சி முறையின் இதயம் இன்று அங்கேதான் துடிக்கிறது: தேசிய விளையாட்டு மன்றம், தேசிய விளையாட்டுக் கழகம், நீச்சல், முக்குளிப்பு, சுவர்ப்பந்து (ஸ்குவாஷ்) மையங்கள், 1996இல் தொடங்கிய விளையாட்டுப் பள்ளி எல்லாம் அந்த வட்டாரத்தில் அமைந்துள்ளன.

அந்த 1998 விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையோட்டத்தில் தங்கம் வென்றார். காமன்வெல்த் ஓட்டக்களப் பிரிவில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்து முடித்த அந்த மனிதரின் பெயர் நாடெங்கும் ஒலித்த அதே வாரங்களில், வளாகத்தின் வேலிக்கு அப்பால் தோட்டத்து எஞ்சிய குடும்பங்கள் தங்கள் வீடுகளின் எதிர்காலம் தெரியாமல் இருந்தன. 2011 வரை, கோலாலம்பூரின் கடைசித் தோட்டம் என்று செய்திகளில் குறிப்பிடப்பட்ட அந்த இடத்தில், நாற்பதுக்கும் சற்று அதிகமான குடும்பங்கள் அடுக்குமாடி வாடகை வீட்டை ஏற்காமல், வாழ்ந்த மண்ணிலேயே சொந்த வீடு வேண்டும் என்று கோரி நின்றன. அந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் இயங்குகிறது.

விளையாட்டரங்கம் கட்டியது தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. எந்த நாடும் எங்கேயாவது அரங்கம் கட்டத்தான் வேண்டும். கவனிக்க வேண்டியது வேறொன்று. அரங்கம் கட்டப்படும் நிலத்தில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அந்த அரங்கத்துக்குள் ஆட்டக்காரராக நுழைய ஒரு வழி வகுக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. நடையோட்டமோ, செலவே இல்லாத ஆட்டங்களில் ஒன்று. காலணியும் ஒரு நீண்ட சாலையும் போதும். அதிலும் 50 கிலோமீட்டர் பிரிவு 2020 டோக்கியோ ஒலிம்பிக்கோடு நீக்கப்பட்டது. வசதி குறைந்தவர் எட்டக்கூடிய இன்னொரு படியும் இப்படி மேலிருந்து உருவப்பட்டது.

பதக்கத்துக்கு விலை

மலேசிய அரசின் வெகுமதித் திட்டத்தில் ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 இலட்சம் ரிங்கிட், வெள்ளிக்கு 3 இலட்சம், வெண்கலத்துக்கு 1 இலட்சம் எனத் தொகை குறிக்கப்பட்டுள்ளது. அதோடு வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் முறையே 5,000, 3,000, 2,000 ரிங்கிட் ஓய்வூதியமும் உண்டு. உச்சியை அடைந்தவருக்கு இது நியாயமான கைம்மாறு. ஆயினும் 1970களின் துறைவேலை முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அந்த முறை மாநில அணியின் மாற்று ஆட்டக்காரருக்கும் குடும்பம் நடத்தச் சம்பளம் கொடுத்தது. இந்த முறை பதக்கம் வெல்பவருக்கு மட்டும் கொடுக்கிறது. இடையில் நின்றுவிடும் ஆயிரம் பேருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு, முன்னாள் தேசிய ஆட்டக்காரர்களின் நலனுக்கென்றே ஓர் அறவாரியம் தேவைப்பட்டிருப்பதே பதில்.

இருபத்தைந்து வயது வரை பிள்ளையை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பெற்றோர் துணிவது, தோற்றாலும் ஒரு வேலை உண்டு என்ற நம்பிக்கை இருக்கும்போதுதான். அந்த நம்பிக்கை போனபின், பதினைந்து வயதில் மாவட்ட அளவில் முதலாவதாக வந்த மகளிடம் ‘போதும்மா, எஸ்பிஎம் பரீட்சையைப் பார்’ என்று இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை நினைவூட்டும் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டு ஆர்வம் தமிழரிடையே குறைந்துவிட்டது என்று மேடைகளில் வருந்துவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒலிம்பிக் பயிற்சி முறை யாரையும் உயர்த்தவில்லை என்றும் சொல்ல முடியாது. 2012 லண்டனில் 10 மீட்டர் மேடை முக்குளிப்பில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலேசியப் பெண் என்ற இடத்தைப் பிடித்த பண்டெலேலா ரினோங், சரவாக்கின் பிடாயு பழங்குடியைச் சேர்ந்தவர். முக்குளிப்பு என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் போனதற்குக் காரணம், கூச்சிங்கில் பொது நீச்சல்குளம் இருந்ததும், பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே அவரைக் கண்டெடுக்க ஒரு பயிற்றுநர் அங்கே இருந்ததும்தான். திரங்கானு மாநிலத்து டுங்குனிலிருந்து வந்த அசிசுல்ஹஸ்னி அவாங் சைக்கிளோட்டத்தில் ஒரு வெண்கலமும் ஒரு வெள்ளியும் பெற்றதற்குப் பின்னாலும், ஆண்டுக்கணக்கில் மெல்போர்னில் தங்கிப் பயிற்சி பெற அரசு ஏற்றுக்கொண்ட செலவு இருக்கிறது. ஆகவே இனமும் தொலைவும் ஏழ்மையும் தாண்ட முடியாத தடைகள் அல்ல. கீழ்ப்படி வீட்டுக்கு அருகில் இருக்கிறதா, அங்கிருந்து ஏறச் செலவு செய்வார் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த இடத்தில் மாற்றம் நிகழ்ந்தது.

பெண்கள் வழியாக

ராஜாமணி ஓடிய 1960களில், பருவமடைந்த தமிழ்ப்பெண் அரைக்கால் சட்டையோடு பொதுத்திடலில் ஓடுவது என்பது குடும்பத்துக்குள்ளேயே வழக்காடி வெல்ல வேண்டிய ஒன்று. தேசிய விருது மேடையில் அவர் நின்ற படம், அந்த வழக்கில் பல வீடுகளுக்கு ஒரு சாட்சியாக உதவியிருக்கும். அரை நூற்றாண்டு கழித்து, மலேசியத் தமிழரின் ஒலிம்பிக் நம்பிக்கை ஏறத்தாழ முழுவதுமாகப் பெண்களின் தோளில் வந்து அமர்ந்திருக்கிறது. இந்த மாற்றம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மகளிர் இரட்டையர் பூப்பந்தில் பெர்லி டானும் தீனா முரளிதரனும் அரையிறுதிக்கு முன்னேறினர். அந்தப் பிரிவில் எந்த மலேசிய இணையும் அதற்குமுன் அங்கு சென்றதில்லை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிய இணையிடம் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பினார்கள். மாமாக் கடைகள் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகங்களின் தொலைக்காட்சி முன் அன்று கூடியிருந்த கூட்டத்தில், தீனாவை ‘நம்ம பிள்ளை’ என்றவர்கள் தமிழர் மட்டுமல்லர். பெர்லியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக எண்ணிப் பதறியவர்கள் சீனர் மட்டுமல்லர். 1975இல் பதினொரு பேர் சேர்ந்து செய்ததை இந்த முறை இருவர் செய்தார்கள். அடுத்த ஆண்டு உலக வெற்றியாளர் போட்டியில் அதே இணை வெள்ளி வென்றது.

இதன் மறுபக்கத்தையும் பதிவுசெய்ய வேண்டும். 2021இல் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ணப் பூப்பந்து அரையிறுதியில் கிசோனா செல்வதுரை ஜப்பானின் அகானே யமகுச்சியிடம் தோற்றபோது, ஓர் அரசியல் கட்சியின் தொகுதி நிலைப் பொறுப்பாளர் சமூக ஊடகத்தில் அவரை நிறத்தின் பெயரால் இழித்து எழுதினார். கண்டனம் எல்லாத் திசைகளிலிருந்தும் கிளம்பியது; அமைச்சர்களும் எதிர்க்கட்சியினரும் மலாய், சீன இரசிகர்களும் கிசோனாவின் பக்கம் நின்றனர்; எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். ஒலிம்பிக் விளையாட்டு இனவெறியை ஒழித்துவிடும் என்று நம்புவோருக்கு அந்தப் பதிவு ஒரு மறுப்பு. தேசியச் சட்டை அணிந்த ஒரு தமிழ்ப்பெண்ணை இழித்துப் பேசினால் நாடே திரும்பிப் பார்க்கும் நிலை உருவாகியிருப்பதும் அதே நிகழ்வில்தான் தெரிந்தது. சட்டை அணியாத ஒரு தமிழ்ப்பெண்ணுக்கு, வேலைக்கான நேர்முகத்திலோ வாடகை வீடு தேடும்போதோ, அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

சுவர்ப்பந்து

பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வெற்றியாளர்; 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் இடத்தில் இருந்தவர். தந்தை வழியில் இந்திய வம்சாவளியும் தாய் வழியில் சீன வம்சாவளியும் கொண்டவர். அவர் ஒருமுறைகூட ஒலிம்பிக்கில் ஆடவில்லை. ஆட்டமே அங்கு இல்லை. 2012, 2016, 2020 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளுக்கும் சுவர்ப்பந்து விண்ணப்பித்துத் தோற்றது. தம் உலகப் பட்டங்கள் அனைத்தையும் ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்கு ஈடாகத் தரத் தயார் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னதுண்டு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் சுவர்ப்பந்தைச் சேர்த்தபோது நிக்கோல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த முடிவு வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்னர்தான், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியைச் சேர்ந்த எஸ். சிவசங்கரி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றிருந்தார். 2022இல் கார் விபத்தில் படுகாயமடைந்து அந்த ஆண்டு காமன்வெல்த் விளையாட்டைத் தவறவிட்டவர். 2024இல் லண்டனில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களை வரிசையாக வீழ்த்திப் பட்டம் பெற்றார். மலேசியத் தமிழர் ஒருவர் ஒலிம்பிக் பதக்கத்துக்கு உரிமையோடு போட்டியிடக்கூடிய நிலை இப்போது அவர் வழியாக ஏற்பட்டிருக்கிறது.

வென்றால் கொண்டாட்டம் பெரிதாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுவர்ப்பந்து நான்கு சுவர்களும் குளிரூட்டியும் மரத்தரையும் கேட்கும் ஆட்டம். மலேசியாவில் அது பெரும்பாலும் மனமகிழ் மன்றங்களிலும், மாநில விளையாட்டு மையங்களிலும் வளர்ந்தது. பினாங்கின் புக்கிட் டும்பாரில் நிக்கோலின் பெயர் தாங்கிய மையம் போன்றவை எத்தனை ஊர்களில் இருக்கின்றன? சிவசங்கரியின் தங்கத்தைப் பார்த்து ஆசைப்படும் ஒரு செந்தூல் அடுக்குமாடிச் சிறுமி, மறுநாள் மாலை எந்தக் கதவைத் தட்டுவாள், நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பேருந்து போகுமா, இரவு எட்டு மணிக்கு அழைத்துவர யார் வருவார் என்பவற்றை முன்கூட்டியே யோசித்து வைக்கும் அமைப்பு எதுவும் கண்ணில் படவில்லை. தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றுக்கு ஒழுங்கான திடலே கிடையாது என்ற நிலையில், ஆடுகளத்தைப் பற்றிப் பேசுவதே அதிகம் என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால் மறுக்க முடியாது.

பொது அமைப்புகள் இப்போதிருந்தே செய்யக்கூடியது, மாநில மையங்களின் ஆடுகளங்கள் காலியாகக் கிடக்கும் பகல் நேரங்களை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுக்குக் கேட்டுப் பெறுவதும், போக்குவரத்துச் செலவை ஏற்பதும்தான். பெரிய அறவாரியங்களின் நிதி பெரும்பாலும் பட்டப்படிப்பு உதவிக்கே செல்கிறது. அதில் ஒரு சிறு பங்கு, மாவட்ட அளவிலிருந்து மாநில அளவுக்குச் செல்லும் பிள்ளைகளின் இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கு ஒதுக்கப்பட்டால், தீனாக்களையும் சிவசங்கரிகளையும் அவர்களின் பெற்றோரின் சேமிப்பு மட்டுமே உருவாக்கும் நிலை மாறும். 2028 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் விளையாட்டு தொடங்குகிறது. சுவர்ப்பந்தில் ஆண், பெண் ஒற்றையர் பிரிவுகள் மட்டுமே உண்டு. தகுதிக்கான போட்டி இப்போதே ஆரம்பித்துவிட்டது.